ஓடிக்கிட்டிருக்கிற கேம்பெயினை மாத்தணுமா?

ஒரு ஆன்லைன் கடையில சட்டையை கார்ட்ல போட்டுட்டு வாங்காம விட்டுடுறீங்க. மறுநாள் "மறந்துட்டீங்களா?"ன்னு மெயில் வரும். அதுக்கு 3 நாள் கழிச்சு "20% தள்ளுபடி"ன்னு கூப்பனோட இன்னொண்ணு. இதை யாரும் உட்கார்ந்து அனுப்புறதில்லை, எல்லாம் ஆட்டோமேஷன்.

இப்போ கடைக்காரங்க தள்ளுபடியை 10% ஆக்கணும்னு முடிவு பண்றாங்க. ஒரு நம்பரை மாத்தினா போதும்னுதான் தோணும். ஆனா, முதல் மெயிலை வாங்கிட்டு நடுவுல நிக்கிறவங்க கதை என்ன?

சேல்ஸ்ஃபோர்ஸோட ஜர்னி பில்டர்ல இதுக்கு வெர்ஷன்கள் இருக்கு. புது வெர்ஷனை பப்ளிஷ் பண்ணினா, புதுசா வர்றவங்க அதுல நுழைவாங்க. ஏற்கெனவே உள்ள இருக்கிறவங்க பழைய வெர்ஷன்லயே போய் முடிப்பாங்க. அதை 'ஸ்டாப்' பண்ணினா அத்தனை பேரும் வெளியே போயிடுவாங்க. திரும்ப ஸ்டார்ட் பண்ண முடியாது.

சிக்கல் என்னன்னா, பழைய வெர்ஷன் இன்னும் சில நாள் 20% கூப்பனை அனுப்பிக்கிட்டேதான் இருக்கும். வெப்சைட் டீம் அந்த கூப்பனை இன்னைக்கே நிறுத்திட்டா? மெயிலை நம்பி வந்தவர் பணம் கட்டுற இடத்துல "கூப்பன் செல்லாது"ன்னு பார்ப்பார். அடுத்த மெயிலை அவர் திறக்கவே மாட்டார்.

அதனால ஒரு சின்னக் கணக்கு. கடைசியா நுழைஞ்சவருக்கு கூப்பன் போய்ச் சேர 1+3, அதாவது 4 நாள். மெயில்ல 7 நாள் கெடு சொல்லியிருந்தா, மொத்தம் 11 நாள். அதுவரைக்கும் பழைய கூப்பன் வேலை செய்யணும்.

மாத்துறதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது இதுதான்: இப்போ உள்ள எத்தனை பேர் இருக்காங்க, அவங்களுக்கு நாம ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கோம்?