நிலமும் உரித்தும்: திரியாய்க் கரையோரம் பற்றியதோர் ஆராய்வு

ஈட்டிய பொருளை எதில் இட்டுக் காப்பது என்னும் வினாவுக்கு நம்மவர் தலைமுறை தலைமுறையாகக் கூறிவந்த விடை நிலம் என்பதே. கள்வர் கொண்டுபோகார்; தீ எரித்துவிடாது; நாணயத்தின் பெறுமதி வீழினும் மண்ணின் பெறுமதி வீழாது என்பது அந்நம்பிக்கையின் அடிப்படை. ஓய்வுபெற்றுப் பணிக்கொடை கைக்கொண்ட ஆசிரியரும், பிறநாட்டில் உழைத்துச் சேர்த்த பழைய மாணவரும் இந்நாளில் கரையோர நிலங்களை நாடுகின்றனர். திருகோணமலை நகரையடுத்த உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விலை உயர்ந்ததனால், நாட்டம் வடக்கே குச்சவெளியைக் கடந்து திரியாய் வரை செல்கின்றது. அங்கு நிலம் வாங்குதல் தக்கதோ என்பதை ஆராயுமிடத்து, முதலில் உளங்கொள்ள வேண்டுவது ஒன்று: வாங்குவோன் பெறுவது மணலுமன்று, கடற்காற்றுமன்று, அந்நிலத்தின்மீதுள்ள உரித்தே அவன் பெறுவது. உரித்துக் குறைவுடையதாயின் ஏனைய நலன்கள் யாவும் பயனற்றனவாம்.

திரியாய், திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில், புல்மோட்டைக்குச் செல்லும் வீதியை அண்டிக் குச்சவெளிப் பிரதேச செயலாளர் பிரிவில் உள்ளது. ஒருபால் கடல், ஒருபால் காடு, இடையே வயல் என்பது அதன் அமைப்பு. அதன் குன்றொன்றிலே கிரிஹண்டு சைத்தியம் எனும் பழைய பௌத்த தூபி நிற்கின்றது. அருகேயுள்ள வடமொழிக் கல்வெட்டு பல்லவ கிரந்தத்தையொத்த எழுத்திலே பொறிக்கப்பட்டுக் கடல்வணிகரை நினைவுகூர்கின்றது. ஆயிரத்திருநூறு ஆண்டுகளின் முன்னரே வணிகர் இக்கரையின் அருமையை அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

விலை உயர்வுக்குக் காரணங்கள் வெளிப்படையானவை. போர் 2009 ஆம் ஆண்டிலே முடிவுற்றது. முன்னர் ஓடப்பாதைகளை நம்பியிருந்த கழிமுகங்களிலே பாலங்கள் எழுந்தமையால் நகரிலிருந்து செல்லும் நேரம் சுருங்கிற்று. நிலாவெளிக் கரைக்கு வரும் உல்லாசப் பயணிகளின் வருகையும் பெருகிற்று. எனினும், விலை ஏறுவதற்கான காரணங்கள் வேறு. வாங்கியவனிடத்து அந்நிலம் நிலைப்பதற்கான காரணங்கள் வேறு.

இலங்கையிலே காணிக் கைமாற்றம், 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்பட்ட உறுதியினாலேயே செல்லுபடியாகும். வாங்குமுன் காணிப் பதிவகத்திலே முப்பதாண்டு ஏடுகளைத் தேடிப் பார்ப்பது வழக்கம். ஏனைய ஊர்களுக்கு இது போதுமாயினும் திரியாய்க்குப் போதாது. இவ்வூர் மக்கள் 1985 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே வீடுகள் எரியுண்டு இடம்பெயர்ந்தனர். 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னரே மீளக்குடியமர்தல் பெரிதும் நிகழ்ந்தது. இன்றிலிருந்து முப்பதாண்டு பின்னோக்குவோர் சென்றடைவது 1990களின் நடுப்பகுதியை. அஃதாவது, உடையவர்கள் அகதிகளாய் வேறிடங்களில் வாழ்ந்த காலத்தை. அக்காலத்தில் ஒருவர் எழுதிக்கொண்ட உறுதி, முப்பதாண்டுத் தேடலில் மூலவுறுதிபோலவே தோன்றும். ஆதலின் இங்குத் தேடல் 1985க்கு முந்திய உறுதிகளைத் தொடுதல் இன்றியமையாதது.

இதனோடு தொடர்புடையது ஆட்சியுரித்து. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பத்தாண்டு காலம் இடையறாது, உடையவனுக்கு எதிராக நிலமொன்றை ஆண்டவன் அதற்கு உரித்துக் கோரலாம். அரச நிலத்துக்கு இவ்விதி பொருந்தாது. போரினால் வெளியேறியோர் இவ்விதியினால் நிலமிழத்தல் அறமன்று என்பதனால், 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம், போர்ச்சூழலினால் தம் உரிமையை வழக்காட இயலாதிருந்தோர் விடயத்தில் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கணக்கிற் கொள்ளாதவாறு ஏற்பாடு செய்தது. “இருபதாண்டாக ஆள்கிறேன்” என்னும் விற்போனின் சொல்லை மட்டும் நம்பி வாங்குவோன், அவ்வாண்டுகள் எவையெனக் கேட்டறிதல் வேண்டும்.

அனுமதிப்பத்திரக் காணிகள் பிறிதொரு வகையின. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அரசு குடியானவர்க்கு வழங்கிய நிலம் இது. அனுமதிப்பத்திரம் உடைமை ஆகாது. அளிப்புப் பத்திரம் பெற்ற பின்னரும், உரிய அதிகாரியின் சம்மதமின்றி விற்பது செல்லாது. வெற்றுத்தாளில் ஒப்பமிட்டுப் பணம் கைமாறுதல் ஊர்கள்தோறும் நிகழினும், சட்டத்தின் கண்ணில் வாங்கியவன் யாதும் வாங்கிலன். மேலும், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுதலை நிரூபிக்கப்படும் வரை அரசினுடையன என்று ஊகிக்கின்றது. ஆளின்றிக் கிடந்த ஆண்டுகளிலே வயலிலும் வளவிலும் பற்றை வளர்ந்தமை குடியானவனின் குற்றமன்று. ஆயினும் அப்பற்றை அவனுக்கு எதிரான சாட்சியாய் நின்றுவிடுகின்றது.

உரித்துத் தெளிவானதாயினும் பயன்பாட்டுக்கு எல்லைகளுண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள நிலத்தைக் கரையோர வலயமாக வகுத்து, அதனுட் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டுகின்றது. 2004 திசெம்பர் 26 இல் நிகழ்ந்த ஆழிப்பேரலைக்குப் பின்னர், வடக்குக் கிழக்குக் கரைகளிலே 200 மீற்றர்வரை கட்டடம் கூடாதென முதலில் அறிவிக்கப்பட்டுப் பின்னர் அவ்வெல்லை தளர்த்தப்பட்டது. அரசு வரைந்த எல்லை மாறக்கூடியதென்பதற்கு இது சான்று. திரியாயில் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டமும் கருதத்தக்கது. 2020 யூன் மாதத்திலே கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கென சனாதிபதி செயலணியொன்று அமைக்கப்பட்டபொழுது, தம் காணிகள் யாதாகுமோ என்னும் ஐயம் இம்மாவட்ட மக்களிடையே எழுந்தது.

பிறநாட்டிலுள்ள பழைய மாணவர் தம் நிலையையும் நோக்குதல் வேண்டும். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் பிறநாட்டுப் பிரசைகளுக்கு நிலம் விற்பதைத் தடுக்கின்றது. இலங்கைப் பிரசாவுரிமையைத் துறந்தவர் இரட்டைப் பிரசாவுரிமை பெற்றாலன்றி அத்தடைக்குட்படுவர். உறவினர் பெயரில் வாங்கி வைத்தல் எளிதெனத் தோன்றும். ஆனால் உறுதியில் உள்ள பெயரே சட்டம் காணும் பெயர்.

இனி ஊதியத்தைக் கணித்து நோக்குவோம். ஒருவர் 10 இலட்சம் ரூபாவுக்கு ஒரு துண்டு நிலம் வாங்குகின்றார் எனக் கொள்க. முத்திரைத் தீர்வை, முதல் ஓரிலட்சத்துக்கு நூற்றுக்கு 3 வீதமும் எஞ்சியதற்கு நூற்றுக்கு 4 வீதமுமாக 39,000 ரூபாவாகும். அதே 10 இலட்சம் ஆண்டுக்கு நூற்றுக்கு 8 வீத வட்டியில் வைப்பிலிடப்பட்டு வட்டியும் முதலோடு சேருமாயின், பத்தாண்டில் ஏறத்தாழ 21 இலட்சத்து 59 ஆயிரமாகும். எனவே நிலத்தின் விலை பத்தாண்டில் இருமடங்கைத் தாண்டினாலன்றி நட்டமே. வேலி, காவல், அளவை ஆகியவற்றின் செலவு இதற்கு மேல். விடுதி கட்டலாமெனின், வாடைக்காற்று மழைகொணரும் ஐப்பசி முதல் தை வரை கடல் கொந்தளிக்கும். பயணிகள் வருவது பெரிதும் சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையிலேயே. மணற்றரையின் நன்னீரும் வரையறையுடையது: உவர்நீரின்மேல் மிதக்கும் அந்நீர், கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நிற்குமாயின் கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும், எனவே மேலே ஓரடி குறைய, அடியில் உவர்நீர் நாற்பதடி ஏறும். இறைப்பு மிகுந்தால் வாங்கியவர் கிணறு மட்டுமன்றி அயலவர் கிணறும் கெடும்.

இவற்றால், திரியாயில் நிலம் வாங்கலாகாது என்பது முடிபன்று. 1985க்கு முந்திய உறுதி, அவ்வுறுதியிற் கண்ட குடும்பத்தார் அனைவரதும் கையொப்பம், அளவையாளரின் வரைபடம், பிரதேச செயலகத்தின் விடை, கரையோரம் தொல்பொருள் வனம் ஆகிய திணைக்களங்களின் விடை என்னும் ஐந்தும் கைவந்தால், பத்தாண்டு காத்திருக்கும் வசதியுடையவர் வாங்குதல் பொருந்தும். மகளின் திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ வேண்டிய பணத்தை அங்கு முடக்குதல் பொருந்தாது. ஐந்தில் ஒன்று இல்லையாயின் குறைந்த விலை சலுகையன்று, எச்சரிக்கையே. இத்தேடல் வாங்குவோனின் பணத்தை மட்டும் காப்பதன்று. வேறு நாட்டிலோ வேறு ஊரிலோ பழைய உறுதியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, தன் வளவு என்றோ ஒருநாள் தனக்கே என்றிருக்கும் முதியவரின் உரிமையையும் அது காக்கின்றது. வாங்குவோன் பெறும் உரித்துப் பழுதற்றதாகவும், இழந்தவன் உரித்து அழியாததாகவும் இருத்தல் ஒரே ஆராய்ச்சியின் இரு பயன்கள் என்பது தெளிவு.