ராஜபாளையம் மலையில் ஒரு குட்டிப் பல்லி: பெயர் வைத்ததால் என்ன பயன்?

ராஜபாளையம்னா நாய், ஸ்ரீவில்லிபுத்தூர்னா பால்கோவா. இந்த வரிசையில் சேர்க்க இன்னொரு பெயரும் இருக்கிறது: நெமாஸ்பிஸ் ரஷீதி. ராஜபாளையம் மலையில், 1,200 மீட்டருக்கு மேல் உள்ள கோட்டமலை எஸ்டேட்டில் கண்டறியப்பட்டு, 2023-ல் புதிய இனமாக அறிவிக்கப்பட்ட குள்ளப் பல்லி இது.

வீட்டுப் பல்லியிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

முதலில் கண்ணைப் பாருங்க. வீட்டுப் பல்லியின் கண்மணி, பூனைக்கு இருப்பதுபோல செங்குத்தாகச் சுருங்கும். இதற்கு வட்டமாகவே இருக்கும். பகலில் நடமாடும் பல்லிகளின் அடையாளம் அது. அடுத்து விரல். சுவரில் ஒட்ட உதவும் அகலமான பட்டைகள் இதற்குக் கிடையாது. நகத்தால் பற்றித்தான் பாறையில் ஏறும்.

மலை மேல தீவா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளை ஆய்வாளர்கள் ‘வானத் தீவுகள்’ என்கிறார்கள். மேலே குளிர்ந்த, ஈரமான காடு. கீழே வெயில் காயும் சமவெளி. அந்த வெயிலைத் தாண்டி ஒரு குட்டிப் பல்லியால் அடுத்த மலைக்குப் போக முடியாது. பல லட்சம் ஆண்டுகள் இப்படித் தனித்திருந்தால், மலைக்கு மலை தனி இனம் உருவாகிவிடும். இவை பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். செதில்களையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுத்தான் பிரிக்கிறார்கள்.

பெயர் ஏன் முக்கியம்?

‘எல்லா மலையிலும் இருக்கிற பல்லிதானே’ என்று விட்டுவிட்டால், ஒரு மலையில் அது அழிந்தாலும் கணக்கில் வராது. சிறிய இடத்தில் மட்டும் வாழும் இனத்தை ஒரே காட்டுத்தீகூட முடித்துவிடலாம். வெப்பம் கூடினால் மேலே ஏறலாம். உச்சிக்கு அப்புறம் எங்கே போகும்?

பெயரால் ஆபத்தும் வரலாம். வியட்நாமின் ஹோன் கோய் தீவில் வாழும் நெமாஸ்பிஸ் சைக்கடெலிக்கா என்ற வண்ணப் பல்லி 2010-ல்தான் உலகுக்கு அறிமுகமானது. சில ஆண்டுகளிலேயே ஐரோப்பியச் செல்லப்பிராணிச் சந்தையில் விலைக்கு வந்துவிட்டது. 2016-ல் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்த்து, காட்டில் பிடித்து விற்பதற்குத் தடை போட வேண்டியதாயிற்று.

இங்கே பாதுகாப்பு இருக்கா?

1988-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில்கள் சரணாலயம், 2021-ல் மேகமலையுடன் சேர்ந்து புலிகள் காப்பகமானது. பரப்பு சுமார் 1,016 சதுர கி.மீ. புலிக்காகக் காக்கப்படும் காடு பல்லிக்கும் நிழல் தரும். ஆனால் ரஷீதி கண்டறியப்பட்டது ஒரு எஸ்டேட்டில். அதனால் காப்பகத்தின் பரப்பு மட்டும் போதாது. எஸ்டேட்டுகளில் நிழல் மரங்களும் பாறைகளும் அப்படியே இருக்கின்றனவா என்பதும் முக்கியம்.

நாம என்ன செய்யலாம்?

செண்பகத்தோப்பு, அய்யனார் கோவில் பக்கம் போகிறவர்கள் பாறை இடுக்குகளைக் கிளற வேண்டாம். இந்தப் பல்லிகள் முட்டையிடும் இடம் அதுதான். இவற்றுக்கு விஷம் கிடையாது, அடிக்கத் தேவையில்லை. அபூர்வமான பல்லியைப் போட்டோ எடுத்தால், பதிவிடும் முன் போனில் லொகேஷனை ஆஃப் பண்ணிடுங்க.