கூலி இல்லாத கோப்பை

கண்ணாடிபோல் உறைந்த தளம். காலிலே கத்தி பொருத்திய காலணி. கையிலே வளைந்த மட்டை. பந்து கிடையாது, கறுத்த ரப்பர் வட்டு ஒன்று. பக்கத்துக்கு ஆறு பேர், அவருள் ஒருவர் வலை காப்பவர். முக்கால் நிமிடம் ஆடினால் மூச்சு முட்டும். உடனே ஆள் மாற்றவேண்டும். அத்தனை வேகம்! ஐஸ் ஹாக்கி என்று இதற்குப் பெயர்.

"பனிக்கட்டிமேல் ஆடும் ஆட்டத்துக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஆட்டத்தைப் பற்றி மட்டும் எழுத நாம் உட்காரவில்லை. ஆடியவர் வாங்கிய கூலியைப் பற்றி, சரியாகச் சொன்னால் வாங்காத கூலியைப் பற்றி, எழுத வந்தோம். உறவு உண்டா இல்லையா என்பதைப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

அவர் பெயர் மாரியோன் அல்மோஸ். ஆல்ப்ஸ் மலைச் சாரலில் உள்ள ஷாம்பெரி என்ற பிரெஞ்சு நகரிலே 1989-ல் பிறந்தவர். முன்கள ஆட்டக்காரர். பிரான்சு நாட்டு மகளிர் அணிக்குத் தலைவியாக இருந்தவர்.

பிரான்சு இந்த ஆட்டத்துக்குப் புதிய நாடல்ல. உலக ஐஸ் ஹாக்கிச் சம்மேளனம் பிறந்ததே பாரிசு மாநகரில்தான், 1908-ல். லூயி மாக்னஸ் என்ற பிரெஞ்சுக்காரர்தான் அதைக் கூட்டியவர். 1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கிலேயே ஆண்கள் இந்த ஆட்டம் ஆடினார்கள், பிரான்சும் ஆடியது. பெண்களுக்கு எப்போது ஒலிம்பிக் கதவு திறந்தது? 1998-ல், ஜப்பான் நாட்டு நாகானோவில். எழுபத்தெட்டு ஆண்டு வாசலில் நிறுத்திவைத்தார்கள்! அப்போதும் பிரெஞ்சுப் பெண்களுக்கு உள்ளே இடம் கிடைக்கவில்லை.

ஆண்களுக்கு வகுத்த ஆட்டம், ஆண்களுக்குக் கட்டிய தளம். எஞ்சிய நேரமும் எஞ்சிய பணமுமே பெண்களுக்கு. ஆகவே மாரியோன் கடல் கடந்தார். கனடா நாட்டின் மாண்ட்ரியல் பல்கலைக்கழக அணியில் ஆடினார். 2016-ல் 'லெ கனடியேன்' என்ற மாண்ட்ரியல் மகளிர் அணியில் சேர்ந்தார். உலகச் சிறப்புப் பெற்ற மாரி-பிலிப் பூலனும் கரோலின் வெலெட்டும் ஆடிய அணி அது.

2017 மார்ச் 5. ஒட்டாவா நகரத்துப் பேரரங்கு. கால்கரி அணியை 3-1 என்று வென்று, கிளார்க்சன் கோப்பையை மாண்ட்ரியல் அணி தூக்கியது. கனடா மகளிர் லீக்கின் தலையாய பரிசு அது. கோப்பை கிடைத்தது. கூலி?

கூலி ஒரு காசு இல்லை! ஆம் தோழர்களே, அந்த ஆண்டு வரை அந்த லீக்கில் ஆடியவர்களுக்குச் சம்பளம் என்பதே கிடையாது. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள் பலர். மறு பருவத்தில், 2017-18-ல், பெரிய மனது பண்ணி ஊதியம் என்று ஒன்று வைத்தார்கள்: ஆளுக்கு 2,000 முதல் 10,000 டாலர் வரை. மாதத்துக்கல்ல, பருவம் முழுமைக்கும்! அதே பருவத்தில் வட அமெரிக்க ஆண்கள் லீக்கிலே கடைசி வரிசை ஆட்டக்காரனுக்கும் குறைந்தபட்சம் 6,50,000 அமெரிக்க டாலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தோழர்களே பார்த்துக்கொள்ளட்டும். கூட்டம் வந்தால்தானே பணம் என்பார்கள், முதலாளிகள் தரப்பு வக்கீல்கள். தொலைக்காட்சியில் காட்டாமலும், விளம்பரம் செய்யாமலும் கூட்டம் எங்கிருந்து வரும் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

நாட்டு அணியின் கதையும் கல்லும் முள்ளும்தான். உலகப் போட்டியில் படிப்படியாகப் பிரிவுகள் உண்டு. கீழ்ப்பிரிவில் முதலாவது வருபவர் மேலே ஏறுவர்; மேற்பிரிவில் கடைசியாக வருபவர் கீழே இறங்குவர். மகளிர் உலகப் போட்டி 1990-ல் தொடங்கியும், மேற்பிரிவைப் பிரெஞ்சுப் பெண்கள் எட்டியதே இல்லை. அந்தக் கோப்பைக்கு ஒரு மாதம் முன்னால், 2017 பிப்ரவரியில், ஜப்பானின் டோமகோமாய் நகரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று நடந்தது. ஜப்பான் உள்ளே போயிற்று. பிரான்சு வெளியே நின்றது.

அடுத்த ஆண்டு, 2018 ஏப்ரல். வோஜானி என்ற சின்னஞ்சிறு பிரெஞ்சு மலைக் கிராமம். ஆஸ்திரியா, நார்வே, ஹங்கேரி, டென்மார்க், சுலோவாக்கியா ஆகிய ஐந்து அணிகளையும் பின்னுக்குத் தள்ளிப் பிரான்சு முதலிடம் பெற்றது. பாரிசில் சம்மேளனம் பிறந்து நூற்றுப்பத்து ஆண்டுகளுக்குப் பின், அந்நாட்டுப் பெண்கள் மேற்பிரிவுப் படியில் கால் வைத்தார்கள். மாரியோன் அவர்களின் தலைவி.

2019 ஏப்ரலில் பின்லாந்தின் எஸ்ப்போ நகரில் பெரிய அணிகளோடு மோதினார்கள். பத்தில் பத்தாவது இடம். மீண்டும் கீழே. அந்தப் போட்டி தொடங்க நான்கு நாள் இருக்கையில், மார்ச் 31 அன்று, இன்னொரு இடி விழுந்தது. மாரியோன் கோப்பை வென்ற கனடா லீக்கை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். மே முதல் நாள் மூடியும்விட்டார்கள். தொழிலாளர் திருநாள் அன்று! நாள் பார்த்துச் செய்தார்களோ, அறியோம்.

பெண்கள் வாளாவிருந்தார்களா? மறுநாளே ஏறத்தாழ இருநூறு வீராங்கனைகள் கூட்டாக அறிவித்தார்கள்: பிழைக்கத்தக்க ஊதியமும் காப்பீடும் தராத எந்த லீக்கிலும் வரும் பருவத்தில் வட அமெரிக்காவில் ஆடமாட்டோம் என்று. பிறகு சங்கம் அமைத்தார்கள். ஊர் ஊராகக் காட்சி ஆட்டம் ஆடினார்கள். நான்கு ஆண்டுக்கு மேல் பிடித்தது. 2023 ஜூலையில், புதிய லீக்கின் முதல் ஆட்டத்துக்கு முன்பாகவே, கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 35,000 டாலர்; அணிக்கு ஆறு பேருக்கேனும் 80,000 டாலருக்குக் குறையாது. லட்சாதிபதி ஆகும் கூலியல்ல. ஆனால் ஆட்டமே தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

2024 சனவரி முதல் நாள் அந்த லீக்கின் முதல் ஆட்டம். டொரண்டோ அணியை நியூயார்க் அணி 4-0 என்று வென்றது. அந்த நியூயார்க் அணி தேர்ந்தெடுத்தவர்களில் குளோயி ஒரார் என்ற பிரெஞ்சுப் பெண்ணும் ஒருவர். மாரியோனைப்போலவே ஆல்ப்ஸ் மலைப் பக்கத்திலிருந்து வந்தவர். மாரியோன் ஆடிய காலத்தில் அந்தச் சம்பளச் சீட்டு இல்லை.

நாட்டு அணியோ 2022-ல் ஆன்ஜே நகரில் மறுபடி முதலிடம் பெற்று மேலே ஏறியது. 2023-ல் பிராம்ப்டனில் மறுபடி இறங்கியது. ஏறுவதும் இறங்குவதுமாகவே போனது. 2026 பிப்ரவரியில் மிலான் ஒலிம்பிக்கின் மகளிர் ஐஸ் ஹாக்கிப் பட்டியலில், முதன்முறையாகப் பிரான்சின் பெயர் ஏறியது. அதன் பிரிவில் சுவீடன், ஜெர்மனி, போட்டியை நடத்தும் இத்தாலி, நான்காவதாக ஜப்பான். டோமகோமாயில் முந்திக்கொண்டு உள்ளே போன அதே ஜப்பான்.