எண்ணெய் விடப்போவது யார்?



கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பிக்கிறார். காவிரிப் பாசனத்தில் வாழும் நமக்கு இது புதிய பாடமல்ல. விதைநெல் விலையை மட்டும் பார்த்து நாம் சம்பாவுக்கு நாற்று விடுவதில்லை. உழவு, நடவு, களை, உரம், அறுப்பு என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிறோம். ஆலயக் காரியம் என்றால் மட்டும் ஆசை முந்திக்கொள்கிறது, கணக்குப் பிந்திவிடுகிறது.

எங்கள் ஆலயத்தின் பாடகர் மாடத்தில் பழைய ஹேமண்ட் மின்சார ஆர்கன் ஒன்று பல ஆண்டுகளாக மூடிக் கிடக்கிறது. அதைச் சரிசெய்ய விரும்புகிறோம். பழுதுபார்க்கும் கூலியை ஏற்க ஓர் அன்பர் முன்வந்திருக்கிறார். மீதிக் கணக்கு எங்களுடையது.

1935இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹேமண்ட் அறிமுகப்படுத்திய கருவி இது. உள்ளே சக்கரங்களைச் சுழற்றும் மோட்டார், மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றியே ஓடும். அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. அங்குள்ள மின்சாரத்துக்கென்று செய்த ஆர்கனை இங்கே இயக்கினால், சுதி ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். 230 வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினாலும் இந்தக் குறை தீராது. அதிர்வெண்ணை மாற்றும் கருவி தனியாக வேண்டும். நம் நாட்டு மின்சாரத்துக்கு ஏற்ற ஆர்கனாக இருந்தாலும், கரண்ட் போன நேரத்தில் ஜெனரேட்டரின் வேகம் தடுமாறினால் சுதியும் தடுமாறும். இவற்றோடு கெட்டுப்போன கெப்பாசிட்டர்கள், எலி கடித்த வயர்கள், கட்டைகளுக்குக் கீழே அழுக்கேறிய தொடுமுனைகள் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும்.

ஆனால் பெரிய செலவு பழுதுபார்த்த பிறகுதான் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதற்கு எண்ணெய் விட வேண்டும். அது நூல் திரிகள் வழியே ஊறி உள்ளே இறங்கும். எண்ணெய் இல்லையென்றால் சக்கரங்கள் இறுகிவிடும். எண்ணெயின் விலை அற்பம். நினைவாக விடும் ஆள்தான் அரிது. எங்கள் ஆர்கன் ஊமையானது பணமில்லாமல் அல்ல, அந்த ஆள் இல்லாமல்தான். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளும் படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போய்விட்டார்கள்.

நம் வாழ்விலும் இப்படித்தான். திருமணத்துக்குப் பந்தல் செலவைக் கணக்கிடுகிறோம். அதன்பின் நாள்தோறும் வேண்டிய பொறுமையைக் கணக்கிடுவதில்லை. தவக்காலத்தில் ஒப்புரவாகிறோம், மறுநாள் அண்ணன் தம்பியோடு பேசுவதற்கு ஆகும் செலவை மறந்துவிடுகிறோம். பத்துக் கன்னியரின் கையிலும் விளக்கு இருந்தது. ஐவரிடம் மட்டுமே கூடுதல் எண்ணெய் இருந்தது.

காணிக்கைப் பெட்டியில் விழும் பணத்தில் நடவுக் கூலியும் இருக்கிறது. ஆகவே நிதி திரட்டும் முன் பங்குப் பேரவையில் பெயர்களைக் கேட்கப்போகிறோம்: எண்ணெய் விடும் பொறுப்புக்கு ஒருவர், வாசிக்கக் கற்க இருவர். பெயர்கள் கிடைத்தால் பணிக்கு அடிக்கல் விழுந்துவிட்டது. கிடைக்காவிட்டால், இப்போதுள்ள கீபோர்டோடு மனதாரப் பாடுவோம். ஆண்டவர் அதையும் ஏற்றுக்கொள்வார்.

தொடங்கியதை நிறைவு செய்யும் மனதை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.