ஈஞ்சம்பாக்கத்துக் கடலோரத்தில் ஓர் ஓவியர் கிராமம்

பிரான்சு தேசத்தின் கடற்காட்சி ஓவியர் யூஜீன் பூதேன் 1824-ஆம் ஆண்டில் ஒரு மாலுமியின் மகனாகப் பிறந்தவர். லெ ஹாவ்ர் துறைமுகத்தில் காகிதமும் படச்சட்டமும் விற்கும் சிறு கடை வைத்துப் பிழைத்தார். பின்னர் அதை விடுத்து, கடலையும் வானையும் தீட்டுவதற்கே வாழ்நாளை ஈந்தார். இளைஞர் மோனேயைத் திறந்த வெளியில் வரையத் தூண்டியவரும் அவரே. இத்தகையோர் மேல்நாட்டில்தான் தோன்றுவர் என்று நம்மவரிற் சிலர் எண்ணுவதுண்டு. நாம் அதை ஒப்புவதற்கில்லை.

1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் கேரளக் குடும்பத்தினர். இளமையிலேயே உப்பங்கழிகளையும் தென்னஞ்சோலைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டலானார். தந்தை மறையவே, கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் உத்தியோகம் ஏற்க நேர்ந்தது. வீட்டாரை முன்னிட்டு ஊரைவிட்டு வந்து ஸ்ரீ சிட்டியின் ஆலைகளில் பணி புரியும் நம் அன்பர்களுக்கு அந்நிலையை நாம் விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவர் தூரிகையைக் கீழே வைத்தாரில்லை. 1936-இல், 25-ஆம் வயதில், சென்னை அரசினர் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அங்கே முதல்வராயிருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1957-இல் அவருக்குப்பின் அப்பதவி பணிக்கரையே அடைந்தது.

முதல்வரானபின் அவரை வாட்டிய கவலை வேறு. பள்ளியில் தேறிய பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலை தேடிச் சென்று, சித்திரத்தை மறந்தனர். படம் விற்று அடுப்பெரிக்கும் காலமன்று அது. உபகாரச் சம்பளம் கேட்டு எவர் வாயிலிலும் நிற்காமல், அவர் கண்ட வழி எளியது: ஓவியர்களே பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்க வேண்டும், வரும்படி அடுப்புக்கு, மிச்சப்பொழுது ஓவியத்துக்கு. அவ்வாறு சேர்த்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவினர். பணிக்கரின் படங்கள் யாவற்றினும் இவ்வேற்பாட்டையே நாம் உயர்வாக மதிக்கிறோம்.

அவருடைய ஓவியமும் மாறிக்கொண்டேயிருந்தது. நிலக்காட்சியில் தொடங்கியவர், 1963 முதல் எழுத்துகளும் ஜாதகக் கட்டங்களும் நிறைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தீட்டினார். அவற்றைப் படிக்க முயன்று பயனில்லை, பார்க்கத்தான் வேண்டும். 1977-இல் அவர் மறைந்தார். திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் ஒரு சித்திரக்கூடம் உண்டு.

விடுமுறையில் சென்னை வழியாக மாமல்லபுரம் செல்லும் குடும்பத்தினர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் இறங்கினால் அக்கிராமத்தையும் அதன் காட்சிக்கூடத்தையும் காணலாம். பிள்ளைகளை அவசியம் உடன் அழைத்துச் செல்க.