பால் பைத்தான் ஏன் சாப்பிட மாட்டேங்குது?

இந்த வார எபிசோடை கரிவலம்வந்தநல்லூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து ரெக்கார்ட் பண்ணேன். ஆடியோவுல பின்னாடி ஊஊன்னு ஒரு சத்தம் கேட்டிருந்தா அது மைக் கோளாறு இல்ல, ஆடிக் காத்து. வழக்கம்போல பேச்சைக் கொஞ்சம் சுருக்கி, எழுத்தா கீழ கொடுத்திருக்கோம்.

பெங்களூர்ல வேலை பார்க்கிற ஒரு லிசனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவர்கிட்ட ஒரு பால் பைத்தான் இருக்கு. ஆண், வயசு மூணு, எடை சுமார் 700 கிராம். ஒன்பது வாரமா எலியைத் தொடவே இல்லையாம். யூடியூப்ல ஒருத்தர் பாம்போட வாயைத் திறந்து, செத்த எலியை விரலால உள்ள தள்ளுறதைப் பார்த்திருக்கார். "இந்த சனிக்கிழமை நானும் அதையே பண்ணிடலாமா ப்ரோ? செத்துடுமோன்னு பயமா இருக்கு"ன்னு கேட்டிருந்தார்.

பண்ணாதீங்க. ஏன்னு சொல்றதுக்குத்தான் இந்த முழு எபிசோடும்.

முதல்ல பேரைத் தெளிவுபடுத்திடுறேன், இல்லேன்னா எங்க ஆச்சி மாதிரி ஆயிடும். நான் போன்ல இதைப் பத்திப் பேசிட்டு இருந்ததைக் கேட்டுட்டு, "பால் பாம்புங்கிற, அப்போ ஒரு கிண்ணம் பால் வச்சுப் பார்க்க வேண்டியதுதானடே?"ன்னாங்க. இந்தப் பாம்பு பயந்தா தலையை நடுவுல ஒளிச்சுக்கிட்டு பந்து மாதிரி சுருண்டுக்கும். இங்கிலீஷ்ல பந்துக்கு என்ன சொல்வோமோ அந்த பால்தான் இது. பிரிட்டன்ல இதையே ராயல் பைத்தான்னு சொல்றாங்க. அறிவியல் பேர் பைத்தான் ரீஜியஸ். ரீஜியஸ்னாலும் ராஜ சம்பந்தமானதுன்னுதான் அர்த்தம். பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. எந்தப் பாம்புக்குமே பால் செரிக்காது. தண்ணியில்லாம வாடிப்போன பாம்பு எதை வச்சாலும் குடிக்கும், பாலையும் குடிச்சு வைக்கும். அவ்வளவுதான் விஷயம். ஊர்ல பால்வண்ணநாதர் கோயில், பக்கத்துல சங்கரன்கோவில்ல சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராஜாக்களோட கதை, பிரசாதமா புற்றுமண். இப்படி ஒரு மண்ணுல பிறந்த ஆச்சிக்கு நான் இதைப் புரியவைக்க அரை மணி நேரம் ஆச்சு.

இந்தப் பாம்போட சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கமெல்லாம் நிறைய இருக்கு. பெனின் நாட்டுல உய்டான்னு ஒரு ஊர். அங்க ஒரு பைத்தான் கோயிலே இருக்கு. அங்க இருக்கிறதும் இதே பாம்புதான். இரை தேடிக்கிறதுக்காக அதுங்களை ராத்திரியில வெளிய விடுவாங்களாம். யார் வீட்டுக்குள்ளயாவது புகுந்துட்டா அந்த வீட்டுக்காரங்களே மரியாதையா எடுத்துட்டு வந்து கோயில்ல விட்டுடுவாங்க. நம்ம ஊர்க்காரங்களுக்கு இது ஒண்ணும் பெரிய அதிசயமா தெரியாது.

பகல் முழுக்க எலி வளையிலோ கறையான் புற்றுலயோ சுருண்டு கிடந்துட்டு, இருட்டினதும் வெளிய வர்ற பிராணி இது. வளைக்குள்ள இருட்டு, இறுக்கம், ஓரளவு ஈரம், பெருசா மாறாத வெப்பம். இந்த நாலையும் ஞாபகம் வச்சுக்கோங்க. பெரும்பாலான பட்டினிக் கேஸ்ல காரணம் இந்த நாலுக்குள்ளதான் இருக்கும்.

அடுத்து, ஒன்பது வாரம்ங்கிற கணக்கு. நமக்கு ஒன்பது மணி நேரம் சாப்பிடலேன்னாலே தலை சுத்துது, அதனால பயமா இருக்கு. பாம்பு தன் உடம்புச் சூட்டுக்காக சாப்பாட்டை எரிக்கிறதில்ல, வெளியில இருந்துதான் சூடு வாங்கிக்குது. அதனால அதோட செலவு ரொம்பக் குறைவு. இதுக்கு உறவான பர்மியப் பைத்தானை வச்சு நிறைய ஆராய்ச்சி நடந்திருக்கு. பட்டினியா இருக்கும்போது குடலையே சுருக்கி ஓரங்கட்டி வச்சுக்கும். பெரிய இரை உள்ள போனதும் குடல் மறுபடி வளரும். இதயத்தோட கீழறைத் தசைகூட ரெண்டே நாள்ல சுமார் 40 சதவீதம் பெருசாகும்னு 2005-ல நேச்சர் இதழ்ல கட்டுரை வந்துச்சு. தேவைப்படும்போது மட்டும் சர்வரை ஸ்கேல்-அப் பண்ற மாதிரி.

ஆக, நல்ல உடம்போட இருக்கிற வளர்ந்த பால் பைத்தான் மாசக்கணக்குல சாப்பிடாம இருக்கிறது சகஜம். ஆண் பாம்புங்க இனப்பெருக்க சீசன்ல இரையைக் கண்டுக்காது. பெண் முட்டையோட இருந்தா சாப்பிடாது. சட்டை உரிக்கப் போகும்போது, கண்ணு நீலமா பால் படிஞ்ச மாதிரி ஆகும் பாருங்க, அப்பவும் சாப்பிடாது. புதுசா வீட்டுக்கு வந்திருந்தாலும் அப்படித்தான்.

அப்போ எப்பதான் கவலைப்படணும்? நாளை எண்ணாதீங்க, கிராமை எண்ணுங்க. கேக் செய்ய மாவு அளக்கிற கிச்சன் தராசு போதும். ஒரு டப்பாவுல பாம்பை விட்டு, வாரம் ஒரு தடவை ஒரே கிழமையில எடை போட்டு எழுதி வைங்க. 700 கிராம் பாம்பு ஒன்பது வாரம் கழிச்சு 685 இருந்தா நிம்மதியா தூங்கலாம். 630-க்கு வந்துட்டா, அதாவது பத்து சதவீதம் போயிடுச்சுன்னா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற நேரம். குட்டிப் பாம்புக்கு இவ்வளவு கையிருப்பு கிடையாது. அதுக்கு சீக்கிரமே உதவி தேடணும். நம்ம லிசனர்கிட்ட எடை கேட்டேன். போன மாசம் 705, இப்போ 694.

இப்போ பெட்டிக்கு வருவோம். டேங்க்ல 32 டிகிரி இருக்குன்னு சொன்னார். போட்டோ அனுப்பச் சொன்னேன். தெர்மாமீட்டர் கண்ணாடியில மேல் ஓரத்துல, பல்புக்குக் கீழ ஒட்டியிருக்கு. பாம்பு தரையில இருக்கு. மானிட்டரிங் டாஷ்போர்டு பச்சையா இருக்கும், சர்வீஸ் செத்துக் கிடக்கும், நம்ம எல்லாரும் ஆபீஸ்ல பார்த்ததுதானே? சென்சாரைத் தரையில, பாம்பு படுக்கிற இடத்துல வைங்க. சூடான பக்கம் 31-லிருந்து 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25-லிருந்து 27. ராத்திரியிலயும் 24-க்குக் கீழ போக விடாதீங்க. ஜூலை மாச பெங்களூர்ல ராத்திரி வெப்பம் 20 டிகிரிக்கு வந்துடும். பல்பை அணைச்சுட்டுத் தூங்கினா, பாம்பு வேட்டைக்குக் கிளம்புற நேரத்துல பெட்டி குளிர்ந்து கிடக்கும். செரிக்க முடியாதுன்னு தெரிஞ்ச பாம்பு எப்படிச் சாப்பிடும்? வெளிச்சம் இல்லாத ஹீட்டர் ஒண்ணு, கூடவே தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் பாம்போட வயித்தைச் சுட்டுடும், அதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க.

இங்கதான் வாயைத் திறந்து திணிக்கிறது ஏன் ஆபத்துன்னு புரியும். குளிர்ந்து கிடக்கிற பாம்புக்குள்ள எலியைத் தள்ளினா அது செரிக்காது. உள்ளயே அழுகும், இல்லேன்னா கக்கிடும். அந்தப் போராட்டத்துல வாயும் உணவுக்குழாயும் கிழியலாம். அதுக்கப்புறம் இடுக்கியைப் பார்த்தாலே பாம்பு சுருண்டுக்கும். திணிச்சு ஊட்டுறது கடைசிக் கட்ட வைத்தியம். அதை டாக்டர்தான் செய்யணும்.

ஊருக்கு ஊர் பிரச்சினை மாறும். சென்னையில வெயில் போதும், ஆனா பெட்ரூம் ஏசியை 22-ல வச்சுட்டுத் தூங்குவோம். கரிவலம் பக்கம்னா சூட்டுக்குப் பஞ்சமே இல்ல. மத்தியானம் ஓட்டு வீட்டுக்குள்ள 36, 37-ன்னு ஏறிடும், அது பாம்புக்கு அதிகம். இங்க இன்னொரு தலைவலி காத்து. குத்தாலத்துல சாரல் அடிக்கிற அதே மாசத்துல மலைக்கு இந்தப் பக்கம் வறண்ட காத்து மட்டும்தான் வரும். பெட்டிக்குள்ள ஈரப்பதம் 55-லிருந்து 70 சதவீதம் இருக்கணும். தேங்காய் நார்த் தூளைப் பரப்பி, ஓரத்துல தண்ணி ஊத்துங்க. மேல்மூடியில பாதியை மறைச்சுடுங்க. ஈரம் போதலேன்னா சட்டை துண்டு துண்டா உரியும். அதுவே ஒரு அறிகுறி.

அப்புறம் ஒளிவிடம். சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணு, ரெண்டும் ஒரே மாதிரி, பாம்பு உள்ள போனா உடம்பு சுவரை உரசுற அளவுக்குச் சின்னதா. நம்ம நண்பர் இன்ஸ்டாவுக்காக நாலு பக்கமும் கண்ணாடி வச்ச பெரிய டேங்க் வாங்கி, நடுவுல அழகா ஒரு மரக்கட்டை வச்சிருந்தார். பார்க்கிற நமக்கு அழகா இருக்கு. உள்ள இருக்கிறதுக்கு அது நடுரோட்டுல நிக்கிற மாதிரி. மூணு பக்கமும் அட்டை ஒட்டச் சொன்னேன். ஃப்ரெண்ட்ஸ் வரும்போதெல்லாம் வெளிய எடுத்துக் காட்டுறதையும் நிறுத்தச் சொன்னேன். அதுக்குத்தான் அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

இரை விஷயம். பாம்போட உடம்புல தடிச்ச இடம் எவ்வளவோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு தடிமன் இருந்தா போதும். குட்டிங்களுக்கு அதோட எடையில 10-லிருந்து 15 சதவீதம், வாரம் ஒரு தடவை. வளர்ந்ததுக்கு ஐந்து சதவீதம் போதும், ரெண்டு மூணு வாரத்துக்கு ஒருக்கா. உயிரோட எலியை விடாதீங்க. பசியில்லாத பாம்போட அதை ஒரு ராத்திரி விட்டா, எலி பாம்பைக் கடிச்சுக் குதறிடும். வீட்டுப் பொறியில விழுந்ததும், வயல்ல பிடிச்சதும் வேண்டவே வேண்டாம். அது எலி மருந்து தின்னிருந்தா பாம்பும் போயிடும். கோழிக்கறித் துண்டும் வேலைக்கு ஆகாது. எலும்பு, ஈரல், குடல்னு முழுசா உள்ள போனாதான் அதுக்குச் சத்து.

ஃப்ரோசன் எலியை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜோட கீழ்த் தட்டுல வைங்க. அப்புறம் ஜிப் கவர்ல போட்டு சுடுதண்ணியில இறக்குங்க. மைக்ரோவேவ் வேண்டாம், உள்ள வெந்து வெடிச்சுடும். இந்தப் பாம்போட உதட்டு ஓரத்துல வரிசையா குழிகள் இருக்கும், சூட்டை உணர்றதுக்கு. உயிருள்ள எலி எவ்வளவு சூடோ, சுமார் 38 டிகிரி, அந்தச் சூடு தலைப்பக்கம் இருந்தாதான் இரைன்னு நம்பும். உள்ள ஐஸா இருக்கிற எலியை நீட்டினா முகத்தைத் திருப்பிக்கும். ராத்திரி லைட்டை அணைச்சு, ஒளிவிடத்து வாசல்ல பாம்பு தலையை நீட்டிக் காத்திருக்கும்போது, நீளமான இடுக்கியால காட்டுங்க. பத்து நிமிஷம் பாருங்க. எடுக்கலேன்னா வாசல்ல வச்சுட்டுப் போய்த் தூங்குங்க, காலையில எடுத்து வீசிடுங்க. மறுநாளே திரும்ப முயற்சி பண்ணாதீங்க. ஏழு, பத்து நாள் இடைவெளி விடுங்க.

தெற்கு நைஜீரியாவுல செஞ்ச ஒரு ஆய்வுல, காட்டுல இருக்கிற சின்ன பால் பைத்தான்கள் பெரும்பாலும் பறவைகளையும், பெருசானதுங்க எலி மாதிரி பாலூட்டிகளையும் தின்னுதுன்னு தெரிஞ்சுது. அதனால சில பாம்புங்க வெள்ளை எலியை இரைன்னே மதிக்காம இருக்கிறது ஆச்சரியம் இல்ல. எலி மேல கோழிக்குஞ்சு வாசனையைத் தடவிக் கொடுத்து ஏமாத்துறவங்க இருக்காங்க. வேலை செய்யும்.

ஆனா ஒண்ணு. சூடு, ஒளிவிடம், எலியோட அளவு, வாசனைன்னு எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடாதீங்க. எது தீர்த்து வச்சதுன்னு தெரியாமப் போயிடும். முதல்ல சூடு. பத்து நாள் விட்டு ஒரு எலி. அப்புறம் அடுத்தது. ஒவ்வொண்ணையும் தேதியோட எழுதுங்க. டாக்டர் முதல்ல கேக்கப்போறதும் அந்த நோட்டைத்தான்.

இதெல்லாம் சரியா இருந்தும் எடை இறங்கினா, இல்ல வாய் ஓரத்துல நுரை, வாயைத் திறந்து மூச்சு விடுறது, ஈறுல சீழ், செதிலுக்கு நடுவுல கறுப்புப் புள்ளி மாதிரி ஊர்ற உண்ணி, சாப்பிட்டதைக் கக்குறது, இதுல எது தெரிஞ்சாலும் எடையை எதிர்பார்க்காம அன்னைக்கே கிளம்பணும். பாம்பு பார்க்கிற டாக்டர் கம்மி. முன்னாடியே போன் பண்ணிக் கேளுங்க. சென்னையில வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, எங்க பக்கம்னா திருநெல்வேலி ராமையன்பட்டியில இருக்கு. அங்க விசாரிச்சா யார்கிட்ட போகலாம்னாவது சொல்வாங்க.

டாக்டர்கிட்ட போகவே சிலர் பயப்படுறாங்க, காரணம் பேப்பர் இல்ல. 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தப்பட்ட வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில இருக்கு. பால் பைத்தான் சைட்ஸ் பட்டியல்ல வர்ற உயிரினம். அதனால 2024 பிப்ரவரியில வந்த விதிப்படி பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும். புதுசா வாங்கினா 30 நாளுக்குள்ள. பில்லே இல்லாம "குட்டி, ஆக்டிவ், எல்லாம் சாப்பிடும்"னு வாட்ஸ்அப்ல வித்தா யோசிங்க. 2023 ஜூலையில திருச்சி ஏர்போர்ட்ல ஒரே பெட்டியில 47 மலைப்பாம்புகள் பிடிபட்டுச்சு. செப்டம்பர்ல பெங்களூர்ல பிடிச்ச 78 விலங்குகள்ல 55 பால் பைத்தான். பெட்டிக்குள்ள அடைபட்டு, தண்ணியில்லாம, வயித்துல புழுவோட வந்து சேர்ற பாம்பு உங்க வீட்டுல எலியைப் பார்த்துத் தலையைத் திருப்பத்தான் செய்யும். நம்ம ஊர் மலைப்பாம்பு, சாரை, மண்ணுளி இதுங்களைப் பிடிச்சு வளர்க்கிறது நேரடிக் குற்றம், அதுல பதிவுங்கிற பேச்சே கிடையாது.

வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில ஒரு பால் பைத்தான் 2020-ல முட்டை போட்டுச்சு. அப்போ அதுக்கு வயசு அறுபதுக்கு மேலன்னு கணக்குப் போட்டாங்க. கல்யாணம், வெளிநாட்டு ஆன்சைட், வீடு மாத்துறது எல்லாத்தையும் சேர்த்து நீங்களும் கணக்குப் போட்டுக்கோங்க.

பெங்களூர் நண்பர் ராத்திரி ஹீட்டர் மாட்டிட்டார். அடுத்த எலி வர்ற வெள்ளிக்கிழமை. எடுத்துச்சா இல்லையான்னு அடுத்த எபிசோட் ஆரம்பத்துலயே சொல்றேன். உங்க வீட்டுப் பாம்பு கதை இருந்தா வாய்ஸ் நோட்ல அனுப்புங்க, கூடவே எடையும்.