ரொட்டி விலையில் ஒரு ரகசியம்!

கனடா நாட்டில் ரொட்டி இல்லாத வீடு அபூர்வம். தமிழ்நாட்டு வீடுகளில் இட்லி மாவு இருப்பதுபோல, அங்கே காலை ஆகாரத்துக்கு ரொட்டி இருந்தாக வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பலருக்கு மத்தியானச் சாப்பாடும் அதுதான். டொரான்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறியிருக்கும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கும் பாக்கெட் ரொட்டி பழகிப்போன பண்டம்.

அந்த ரொட்டியின் விலை ஒரு நாள் 10 சென்ட் கூடுகிறது. நூறு சென்ட் சேர்ந்தால்தான் ஒரு டாலர். இந்தச் சின்னத் தொகையை யார் பெரிதாக நினைப்பார்கள்? கோதுமை விலை ஏறியிருக்கும், பெட்ரோல் விலை ஏறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு வாங்கிப் போகிறார்கள். சந்தேகப்பட்டு அடுத்த கடைக்குப் போனாலும், அங்கேயும் அதே 10 சென்ட் கூடியிருக்கிறது! "இரண்டு கடையிலும் ஒரே மாதிரி ஏறியிருக்கிறதே, அப்படியானால் நியாயமான விலையேற்றமாகத்தான் இருக்கும்" என்று மனம் சமாதானம் அடைந்துவிடுகிறது.

ஆனால், அது நியாயம் அல்ல. பேசிவைத்துக்கொண்டு செய்த காரியம்! இந்த உண்மை கனடா மக்களுக்குத் தெரியவந்தபோது, சதி ஆரம்பமாகிப் பதினாறு வருஷங்கள் ஆகியிருந்தன.

கிறிஸ்துமஸ் வாரத்தில்...

2017 டிசம்பர் 19-ந் தேதி. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இன்னும் ஆறே நாள். கடைகளில் கூட்டம் அலைமோதிக்கொண்டிருந்தது. அன்றுதான் லாப்லா கம்பெனியும் ஜார்ஜ் வெஸ்டன் கம்பெனியும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன.

2001-ம் வருஷக் கடைசியிலிருந்து 2015 மார்ச் வரை, பாக்கெட் ரொட்டியின் விலையை மற்றவர்களோடு பேசி நிர்ணயிக்கும் ஏற்பாட்டில் தாங்கள் பங்குகொண்டதாக அந்த அறிக்கையில் அவை ஒப்புக்கொண்டன.

ஒப்புக்கொண்டவர்கள் சாதாரணக் கடைக்காரர்கள் அல்ல. ஜார்ஜ் வெஸ்டன் என்பவர் 1882-ல் டொரான்டோ நகரில் ரொட்டி வியாபாரம் தொடங்கியவர். அவர் பெயரால் வளர்ந்ததே வெஸ்டன் கம்பெனி. லாப்லா மளிகைக் கடை 1919-ல் அதே நகரில் பிறந்தது. பின்னால் வெஸ்டன் வசம் வந்து, கனடாவிலேயே பெரிய மளிகைக் கம்பெனியாக வளர்ந்தது. சதி நடந்த காலத்தில், ரொட்டி சுடும் ஆலை, அதை விற்கும் கடை இரண்டும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன!

இரண்டு கம்பெனிகளுக்கும் அப்போது தலைவராக இருந்தவர் கேலன் வெஸ்டன். நடந்தது தவறு என்றும், இத்தகைய நடத்தைக்குத் தங்கள் கம்பெனியில் இடமில்லை என்றும் அவர் சொன்னார். சம்பந்தப்பட்ட ஊழியர்கள் இப்போது வேலையில் இல்லை என்றும் அறிவிக்கப்பட்டது.

ஏழும் பத்தும்

சதி எப்படி நடந்தது?

ரொட்டி ஆலைக்காரருக்கு விலையைக் கூட்ட ஆசை இருக்கலாம். ஆனால் ஒரு பயமும் உண்டு. தான் மட்டும் கூட்டினால், கடைக்காரர் வேறு ஆலையில் சரக்கு எடுத்துவிடுவார். கடைக்காரருக்கும் அதே பயம்தான். தான் மட்டும் கூட்டினால், வாடிக்கைக்காரர் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். இந்த இரண்டு பயங்களும்தான் ஏழையின் காசைக் காப்பாற்றுகின்றன. வியாபாரப் போட்டி என்பதன் முழு அர்த்தமும் இதுதான்.

இந்தப் பயத்தைப் போக்கிக்கொள்வதற்காகவே சதி ஏற்பட்டது என்கிறது கனடா சர்க்காரின் போட்டிக் கண்காணிப்பு இலாகா. 2017 அக்டோபர் 31-ந் தேதி அந்த இலாகாவின் அதிகாரிகள் பல கம்பெனிகளின் ஆபீசுகளில் புகுந்து சோதனை போட்டார்கள். சோதனைக்காகக் கோர்ட்டில் கொடுத்த பத்திரங்கள் 2018 ஜனவரிக் கடைசியில் வெளியாயின.

அந்தப் பத்திரங்களில் ஒரு கணக்கு இருந்தது. "ஏழு - பத்து" என்பது அதன் பெயர். ஆலைக்காரர் கடைக்குக் கொடுக்கும் விலையில் 7 சென்ட் கூட்ட வேண்டும். கடைக்காரர் ஜனங்களுக்கு விற்கும் விலையில் 10 சென்ட் கூட்ட வேண்டும். நடுவில் உள்ள 3 சென்ட் கடைக்காரருக்கு! ஆலைக்கும் லாபம், கடைக்கும் லாபம். எல்லாக் கடைகளும் கூட்டுவதாக இருந்தால் தானும் கூட்டத் தயார் என்று ஒவ்வொரு கடையும் சம்மதித்தது என்றும், ஒருவர் சம்மதத்தை மற்றவருக்குத் தெரிவிக்கும் வேலையை ஆலைக்காரர்களே பார்த்தார்கள் என்றும் இலாகா குற்றம் சாட்டியது.

குற்றச்சாட்டில் அடிபட்ட மற்ற மளிகைக் கம்பெனிகள், தங்களுக்குச் சதியில் பங்கே இல்லை என்று மறுத்தன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

முந்தியவனுக்கு மன்னிப்பு

வெஸ்டனும் லாப்லாவும் தாங்களாகவே வந்து ஏன் ஒப்புக்கொண்டன? மனச்சாட்சியா? அதுவும் இருக்கலாம். ஆனால் சட்டத்தின் சாமர்த்தியமும் அதில் உண்டு.

வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைப்பதைக் கனடா 1889-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. அமெரிக்கா இதற்குச் சட்டம் போட்டது அடுத்த வருஷம்தான். சட்டம் இருந்து என்ன பயன்? மூடிய அறையில் நாலு பேர் பேசியதற்குச் சாட்சி ஏது? அந்த நாலு பேர்தான் சாட்சி!

ஆகவே சர்க்கார் ஒரு வழி கண்டது. சதியில் சேர்ந்தவர்களில் யார் முதலில் வந்து உண்மையைச் சொல்லி ஒத்துழைக்கிறாரோ, அவர் மீது கிரிமினல் வழக்கு இல்லை. இரண்டாவதாக வருபவருக்குத் தண்டனையில் சலுகை மட்டுமே. "கூட்டாளி நமக்கு முன்னால் ஓடிவிடுவானோ?" என்ற பயம் ஒவ்வொருவர் மனத்திலும் புகுந்துவிடுகிறது. போட்டியை ஒழித்தவர்கள் நடுவிலேயே ஒரு போட்டி!

2015 மார்ச்சில் வெஸ்டன் தரப்பு இலாகாவிடம் போய் விஷயத்தைச் சொன்னது. மன்னிப்புக் கிடைத்தது. பதின்மூன்று வருஷங்களுக்கு மேல் சதியில் இருந்த பெரிய கம்பெனிக்கு, கிரிமினல் கோர்ட்டில் ஒரு சென்ட் அபராதம்கூட இல்லை.

25 டாலர் கார்டு

ஏமாந்த ஜனங்களுக்கு என்ன கிடைத்தது? லாப்லா ஒரு பரிசுக் கார்டு கொடுத்தது. மதிப்பு 25 டாலர். 2018 ஜனவரி 8-ந் தேதி பதிவு ஆரம்பமாயிற்று. ரசீது கேட்கவில்லை. ரொட்டி வாங்கியதாக உறுதி சொன்னால் போதும். ஆனால் கார்டைச் செலவழிக்க வேண்டியது லாப்லாவின் சொந்தக் கடைகளில்தான்! அந்தக் கார்டு வேண்டாம் என்று, ஏழைகளுக்கு உணவு வழங்கும் உணவு வங்கிகளுக்குக் கொடுத்துவிட்டவர்களும் உண்டு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குடும்பம் வாரம் இரண்டு ரொட்டி வாங்குகிறது. ரொட்டிக்கு 10 சென்ட் அதிகம். வருஷத்துக்கு 10 டாலர் 40 சென்ட் ஆகிறது. பதின்மூன்று வருஷத்துக்கு 135 டாலர் 20 சென்ட்! ஒரே ஒரு தடவை விலை கூட்டியதற்கே இந்தக் கணக்கு. அதன் மேல் இன்னொரு தடவை கூட்டினால், அது இரட்டிப்பு நஷ்டம்.

பணக்காரர் வீட்டில் இது தெரியாது. ரொட்டியே முக்கிய ஆகாரமான கூலிக்காரர் வீட்டில், பிள்ளைகள் அதிகமுள்ள வீட்டில், இந்தப் பாரம் அதிகம். பத்து சென்ட் என்று யாரும் கோர்ட்டுக்குப் போகமாட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் இப்படிப்பட்ட சதிகள் நடக்கின்றன.

5 கோடி அபராதம்

கனடா பிரெட் என்ற மற்றொரு ரொட்டிக் கம்பெனி, 2023 ஜூன் 21-ந் தேதி ஒன்டாரியோ மாகாணக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. வெஸ்டன் ரொட்டி நிறுவனத்துடன் பேசி 2007-லும் 2011-லும் விலையைக் கூட்டியதாகக் கூறியது. கோர்ட்டு விதித்த அபராதம் 5 கோடி கனடா டாலர். விலை நிர்ணயச் சதிக்காகக் கனடாக் கோர்ட்டு ஒன்று அதுவரை விதித்த அபராதங்களில் இதுவே பெரியது.

இதிலும் ஒரு விசித்திரம். குற்றம் நடந்தபோது கம்பெனி வேறு முதலாளிகள் கையில் இருந்தது. 2014-ல் அதை மெக்சிகோ நாட்டின் பிம்போ கம்பெனி விலைக்கு வாங்கியது. தப்புச் செய்த காலத்து முதலாளி ஒருவர். அபராதம் கட்டிய காலத்து முதலாளி வேறொருவர்!

அபராதம் விதிக்கப்பட்ட இரண்டாம் நாள், 2023 ஜூன் 23 முதல், இத்தகைய குற்றங்களுக்குச் சட்டத்திலிருந்த அபராத உச்சவரம்பு நீக்கப்பட்டது. எவ்வளவு விதிப்பது என்பது கோர்ட்டின் முடிவுக்கே விடப்பட்டது.

வெஸ்டனும் லாப்லாவும் கிரிமினல் வழக்கிலிருந்து தப்பினாலும், ஜனங்கள் சேர்ந்து போட்ட நஷ்டஈட்டு வழக்குகளிலிருந்து தப்பவில்லை. 2024 ஜூலையில் 50 கோடி டாலருக்கு ராஜி செய்துகொண்டன. கார்டுகளாகக் கொடுத்த 9 கோடியே 60 லட்சம் போக, மீதி 40 கோடியே 40 லட்சம் ரொக்கம். இதற்கு 2025-ல் கோர்ட்டு ஒப்புதல் கிடைத்தது. சதி தொடங்கி இருபத்துநாலு வருஷம்! 2001-ல் மத்தியானத்துக்கு ரொட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், 2025-ல் தங்கள் பிள்ளைகளுக்கு ரொட்டி கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைகள் பெருக வேண்டும்

காட்டிக்கொடுத்தவருக்கு மன்னிப்பு அளித்தது சரியா? கனடாவில் பலருக்கு இதில் கோபம் உண்டு. ஆனால் அந்த மன்னிப்பு இல்லாவிட்டால், ரகசியம் வெளிவந்தே இருக்காது என்பதும் உண்மை.

மன்னிப்பையும் அபராதத்தையும்விடப் பெரிய மருந்து ஒன்றை, போட்டிக் கண்காணிப்பு இலாகாவே 2023 ஜூனில் வெளியிட்ட ஓர் அறிக்கையில் சொல்லியிருக்கிறது. லாப்லா, சோபீஸ், மெட்ரோ என்ற மூன்று பெரிய மளிகைக் கம்பெனிகள் மட்டும் 2022-ல் பத்தாயிரம் கோடி டாலருக்கு மேல் விற்றிருக்கின்றன. லாபம் 360 கோடி டாலருக்கு மேல். கனடாவின் மளிகை வியாபாரத்துக்கு இன்னும் அதிகப் போட்டி வேண்டும் என்பதே அந்த அறிக்கையின் முடிவு.

நாலைந்து பேர் மட்டும் இருக்கும் சந்தையில், கூடிப் பேச ஒரு மேஜை போதும். நாற்பது பேர் இருந்தால் பேச்சு கலைந்துவிடும். எதிர்க் கடைக்காரனின் பயம் திரும்பவும் கடைக்காரருக்கு வர வேண்டும். ரொட்டி வாங்கப் போகும் தாய்க்கு அதைவிட நல்ல காவல் வேறு இல்லை.